பேருந்து நிலையத்தில் ஓர் ஏரி

எனக்குப் பேருந்தில் ஏறினால் வாந்தி வரும். காரில் ஏறினாலும் வரும். கப்பலைப் படத்தில் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். இப்படிப்பட்ட ஒருவனைத் தேடிப் பிடித்துப் பயண நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளராக ஆக்கியது எங்கள் அரசுத் தொலைக்காட்சி நிலையம். தேடிப் பிடித்தது என்பது நானாகச் சொல்லிக்கொள்வது. உண்மையில் அது தண்டனை. அதற்கு முன்பு நான் வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தேன். "வானம் தெளிவாகக் காணப்படும்" என்று நான் வாசித்த மறுநாள், பெரிய இடத்து மனிதர் ஒருவர் திறந்தவெளி மேடையில் பேச எழுந்து, வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் தொப்பலாக நனைந்துபோனார். வானத்தை இடமாற்றம் செய்ய நிலையத்துக்கு அதிகாரம் கிடையாது. என்னைச் செய்தார்கள்.

நிகழ்ச்சியின் பெயர் 'திசையெங்கும்'. ஊர்களின் வரலாறு, இயற்கை, பண்பாடு எல்லாவற்றையும் மக்களுக்கு எடுத்துச் சொல்வது அதன் நோக்கம். வாரத்துக்கு ஓர் ஊர். ஊர் மாறுமே தவிர, நான் பேசுவது மாறாது. எந்த ஊரும் இயற்கை அன்னையின் மடியில்தான் தவழும். எந்தச் சுவரும் காலத்தை வென்றுதான் நிற்கும். எந்த ஊர் மக்களும் எளிமையானவர்கள், கள்ளங்கபடம் அறியாதவர்கள். அப்படிச் சொன்ன ஓர் ஊரில் எங்கள் வண்டியின் டயரையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் வரியை மாற்றவில்லை. மாற்ற முடியாது. நாங்கள் புறப்படும் முன்பே நிலையத்தின் மாடியில் ஒரு குழு உட்கார்ந்து, அந்த ஊரில் நாங்கள் எதைப் பார்த்து வியக்க வேண்டும் என்பதை எழுதி, ஒப்புதல் கொடுத்து அனுப்பிவிடும். ஊர்தான் அதற்குத் தகுந்தபடி நடந்துகொள்ள வேண்டும்.

எனக்கு இதில் மனவருத்தம் எதுவும் இருந்ததாகச் சொன்னால் அது பொய். வாந்தி எடுத்து முடித்து, வாயைக் கொப்பளித்து, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் நின்றால் போதும், அடிவயிற்றிலிருந்து கனத்த குரல் ஒன்று கிளம்பி வரும். அந்தக் குரலில் மளிகைச் சாமான் பெயர்களைச் சொன்னாலும் வரலாறு மாதிரி இருக்கும் என்று என் மனைவி சொல்லுவாள். அவள் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அவளுக்கு மின்வாரியத்தில் வேலை, தொலைபேசியில் புகார் வாங்குவது. "இப்போ வந்துடும் சார்" என்று நாள் முழுக்கச் சொல்கிறவளுக்குக் குரலைப் பற்றி நன்றாகவே தெரியும்.

என் குரலுக்கு மயங்கிய ஒரே ஆள் என் மாமனார்.

அவர் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் சொல்வதையும் நம்பாமல் இருப்பதற்காக வாழ்நாள் முழுக்கச் சம்பளம் வாங்கியவர். கைக்குழந்தை என்று சொல்லப்பட்ட குழந்தையை வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணியவர். பெண் பார்க்கப் போன அன்று என் அலுவலக அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காரச் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகும் என்னிடம் நேராகப் பேசியதில்லை. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே மகளிடம், "அவர் சாப்பிட்டாரா?" என்று கேட்பார். மருமகனிடம் டிக்கெட் இல்லை என்ற சந்தேகம் அவருக்குத் தீரவே இல்லை.

இந்த மனிதர் உலகத்தில் ஒன்றை மட்டும் நம்பினார், அரசுத் தொலைக்காட்சியை. மற்ற சேனல்காரர்களெல்லாம் வாயை வாடகைக்கு விட்டவர்கள் என்பார். "இது அரசாங்கம். பொய் சொல்லி இவங்களுக்கு என்ன ஆகப்போவுது? உண்மை சொன்னாலும் அதே சம்பளம்தானே" என்பது அவருடைய வாதம். நான் 'திசையெங்கும்' நிகழ்ச்சியில் தோன்றிய முதல் வாரம், அவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்து தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "நல்லா பேசினீங்க மாப்ளை" என்றார். மாப்ளை என்று அவர் வாயிலிருந்து வந்த முதல் தடவை அது. கல்யாணத்தன்றுகூட வராத கண்ணீர் எனக்கு அன்றைக்கு வந்தது.

இந்த நிலைமையில்தான் ஏரி வந்தது.

மலையடிவாரத்தில் ஒரு சிறிய நகரம். 'நீலப்பட்டு விரித்தாற்போன்ற ஏரி' என்று குழு எழுதிக் கொடுத்திருந்தது. ஏரிக்கரையில் நின்று நான் அலைகளின் தாலாட்டைப் பற்றிப் பேச வேண்டும். கண்டம் விட்டுக் கண்டம் வரும் பறவைகளைச் சுட்டிக்காட்ட வேண்டும். நாங்கள் மூன்று பேர் போனோம்: நான், தயாரிப்பாளர், ஒளிப்பதிவாளர். ஒளிப்பதிவாளருக்கு நிலையத்தில் 'மூச்சு' என்று பெயர். எல்லா ஊர்களிலும் காற்றின் ஓசையாக நீங்கள் கேட்டது அவர் மூச்சு விட்டதுதான்.

ஊரின் நடுவே வண்டி நின்றது. பேருந்து நிலையத்துக்குள் போய், நேரக் காப்பாளரிடம் ஏரிக்கு எப்படிப் போக வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்டார். நேரக் காப்பாளர் எங்கள் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தரையைக் காட்டினார்.

"நீங்க நிக்கறதுதான் சார் ஏரி. நான் பள்ளிக்கூடம் படிக்கறப்பவே மண்ணைக் கொட்டி மூடிட்டாங்க."

தயாரிப்பாளர் எங்கள் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினார். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டார். எதிர்முனையில் நிகழ்ச்சி அதிகாரி. நிதானமான மனிதர், கோபமே வராது. ஏரி இல்லை என்பதை அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஏரி இல்லைன்னா அது அந்த ஊரோட குறை. நம்ம ஸ்கிரிப்ட்ல குறை கிடையாது. ஒப்புதல் ஆன ஸ்கிரிப்ட்ல ஒரு வரியை மாத்தணும்னாலும் மறுபடி குழு கூடணும். குழுத் தலைவர் இப்போ வெளிநாட்டுல இருக்காரு. ஏரிகளைப் பாதுகாக்கறதைப் பத்தி மாநாடு. அவரைத் தொந்தரவு பண்ண முடியுமா? நீங்க கண்ணைத் திறந்து பாருங்க, எங்கயாவது தண்ணி இருக்கும்."

இருந்தது. பேருந்து நிலையத்தின் பின்பக்கம் லாரி கழுவும் கொட்டகை ஒன்று இருந்தது. கழுவிய தண்ணீர் வடிந்து ஒரு பெரிய தொட்டியில் தேங்கி நின்றது. கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, கரை தெரியாமல் பிடித்தால் தண்ணீர் தொடுவானம் வரை போவது போல இருக்கிறது என்று மூச்சு கண்டுபிடித்தார். சோப்பு நுரை ஓரமாக வந்து ஒதுங்கியது. அலை. கொட்டகைக்காரர் வீட்டு வாத்து ஒன்று எங்கிருந்தோ வந்து தொட்டியில் இறங்கியது. அது கண்டம் விட்டுக் கண்டம் வந்த பறவை. இரண்டாவது முறை பிடிக்கும்போது கொட்டகைக்காரரின் மனைவி பின்னாலிருந்து தட்டைத் தட்ட, கண்டம் விட்டுக் கண்டம் வந்த பறவை அடித்துப் பிடித்துக்கொண்டு தவிடு தின்ன ஓடியது. அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். நான் முழங்கால் அளவு அழுக்குத் தண்ணீரில் நின்று, கனத்த குரலில், "இந்த நீலப்பட்டின் மௌனத்தில் மனிதன் தன்னையே மறந்துபோகிறான்" என்றேன். சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. அதுதான் என் வியாதி.

நிகழ்ச்சி ஒளிபரப்பானது. மாமனார் எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தார். பிறகு, செத்துப் போவதற்குள் ஒரு தடவை அந்த ஏரிக்கரையில் உட்கார வேண்டும் என்றார். நான் சிரித்து மழுப்பினேன். டிக்கெட் பரிசோதகர்கள் மனத்தில் ஒன்றை வைத்தால் வைத்ததுதான். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் சங்கத்தில் சொல்லி, ஒரு வேனை ஏற்பாடு செய்துவிட்டார். முன்சீட்டு எனக்கு. ஏரியைக் காட்டி விளக்கப் போகிறவன் நானாம்.

மறுநாள் நிலையத்துக்கு ஓடினேன். தலைமை அதிகாரியின் அறையில் நின்று, ஏரி இல்லை, தப்பாகச் சொல்லிவிட்டோம், ஒரு சின்னத் திருத்தம் போட்டுவிடலாம் என்று கெஞ்சினேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். அவர் அறையில் எல்லாச் சுவர்களிலும் அருவிகளும் சிகரங்களும் மாட்டியிருக்கும். எந்த ஊருக்கும் போனதில்லை என்பதைப் பெருமையாகச் சொல்வார். போய்ப் பார்த்தால் பாரபட்சம் வந்துவிடுமாம்.

"தம்பி, நாம பொதுத் தொலைக்காட்சி. நமக்கு நடுநிலைதான் முக்கியம். சில பேர் ஏரி இருக்குங்கறாங்க. சில பேர் பஸ் ஸ்டாண்டுங்கறாங்க. இதுல நாம ஒரு பக்கம் சாயலாமா?"

"சார், ஏரி இருக்குன்னு சொன்னதே நாமதான்."

"அப்போ நம்ம கருத்துக்கும் மதிப்புக் கொடுக்கணும்ல."

திருத்தம் என்று ஒரு வழி இல்லாமல் இல்லை என்று அவரே விளக்கினார். நேயர் யாராவது நேரில் வந்து புகார் சொல்ல வேண்டும். நான் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். ஊழியர்கள் நேயர்கள் ஆக மாட்டார்கள். நிலையத்தின் நிகழ்ச்சிகளை ஊழியர்கள் பார்ப்பதாக இதுவரை எந்தச் சான்றும் இல்லை என்றார். புகார் சொல்ல யாரும் வந்ததுண்டா என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "ஒருத்தர்கூட வந்ததில்லை. அவ்வளவு திருப்தியா இருக்காங்க மக்கள்."

ஆகவே வேன் புறப்பட்டது. வழியில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். வாயைத் திறந்தபோதெல்லாம் வேறொன்று வந்தது. சங்கத்துப் பெரியவர்கள் முறை வைத்து எனக்குப் பை பிடித்தார்கள். ஒருவர், ஊர் ஊராகச் சுற்றியும் உடம்பு பழகவில்லையே, எவ்வளவு அர்ப்பணிப்பு என்று மாமனாரிடம் சொல்ல, அவர் தலையை நிமிர்த்திக்கொண்டார். பின்சீட்டிலிருந்த என் மனைவி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். காலையில் அவளிடம் சொல்லியிருந்தேன். "நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நீங்க இன்னும் கேவலமாப் போயிடுவீங்க" என்று முடித்துவிட்டாள்.

பேருந்து நிலையத்துக்கு முன்னால் எங்களுக்கு முன்பே கூட்டம் இருந்தது. தொப்பி வைத்தவர்கள், குழந்தைகளை இடுப்பில் வைத்தவர்கள், மிதவை வளையத்தோடு ஒரு குடும்பம். 'ஏரிக்குச் செல்லும் வழி' என்று யாரோ பலகை எழுதி மாட்டியிருந்தார்கள். அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்து, அதே பலகையின் முன் நின்று, மறுபடியும் போனார்கள். நாங்களும் ஒரு சுற்றுப் போய் வந்தோம். நடுவில் ஒரு கடையில் குளிர்பானம் நன்றாக விற்றது. விசாரணைச் சன்னலில், "ஏரி இன்னிக்கு லீவு" என்று நேரக் காப்பாளர் அலுப்போடு சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்தார்.

"நீங்கதானே அந்த ஏரி?"

சங்கத்தார் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமனார் ஒரு சிமெண்ட் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார். முழங்கால் அறுவைக்குப் பிறகு அவரால் வெகுநேரம் நிற்க முடியாது. நான் அவர் முன்னால் நின்றேன். கனத்த குரல் எங்கே போயிற்றோ, தொண்டையிலிருந்து பூனைக்குட்டிக் குரல் ஒன்றுதான் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, அந்தக் காலத்தில் ரயில் பெட்டியில் கேட்டது போல, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"வாத்து?"

"லாரி கழுவற கொட்டகையில வளர்க்கறாங்க மாமா."

"கண்டம் விட்டுக் கண்டம் வந்துச்சுன்னீங்க."

"ரோட்டைத் தாண்டி வந்துச்சு."

"போன மாசம் அந்தக் குகை?"

"எங்க ஆபீஸ் ஜெனரேட்டர் ரூம்."

"அதுக்கு முன்னாடி சொன்னீங்களே, மலை?"

"மலை இருக்கு மாமா. அது நிஜம்." சொல்லிவிட்டு, மனச்சாட்சி உறுத்த, "நான் ஏறலை" என்றேன்.

 அவர் பேருந்துகள் வந்து போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஏமாந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார்; அவரே ஏமாந்தது அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. திரும்பும்போது வேனில் ஏறுமுன் மகளைக் கூப்பிட்டு, "அவருக்கு ஜன்னலோரமா இடம் கொடு" என்றார். வழியெல்லாம் அந்த 'அவர்' என் காதில் கேட்டுக்கொண்டே வந்தது. வாந்தியைவிடக் கசந்தது.

மறுநாள் காலையில் அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கைத்தடியோடு தொலைக்காட்சி நிலையத்துக்குப் புறப்பட்டார். என் வேலை போய்விடும் என்று மனைவி தடுத்தாள். பொய் டிக்கெட்டில் வந்தவனை இறக்கிவிட வேண்டும், டிக்கெட் கொடுத்தவனே பொய் என்றால் அவனையும் இறக்கிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்தார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த மரியாதை அதற்கு முன் வந்ததில்லை. நானும் கூடப் போனேன். லிஃப்ட் பழுது. அத்தனை மாடியும் அவர் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார்.

தலைமை அதிகாரி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து மாமனாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நிலையத்தின் வரலாற்றிலேயே நேரில் வந்த முதல் நேயர் இவர்தான் என்று நிகழ்ச்சி அதிகாரியையும், மாடியிலிருந்த குழுவையும் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோரும் அவரைச் சுற்றி நின்று பார்த்தார்கள். குழுவில் ஒருவர், நேயர்கள் இன்னும் இளமையாக இருப்பார்கள் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். அவருடைய கருத்தைக் கேமரா முன்னாலேயே பதிவு செய்து, வரும் வாரமே ஒளிபரப்புவதாக வாக்குக் கொடுத்தார்கள்.

மாமனார் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினார். நான் விளக்குக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன்.

"நான் நேர்ல போய் என் கண்ணால பார்த்தேன். அங்க ஏரி இல்லை. தண்ணி ஒரு சொட்டு இல்லை. பஸ் ஸ்டாண்டுதான் இருக்கு. அதை அழகுன்னு சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு? இப்படி ஒரு பொய்யை நான் என் வாழ்க்கையில பார்த்ததே இல்லை."

யாரும் இருமக்கூட இல்லை. மூச்சுகூட மூச்சை அடக்கியிருந்தார். முடிந்ததும் தயாரிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருடத்தில் இப்படி ஒரு நேர்மையான பதிவு வந்ததில்லை என்றார். நான் அதை நம்பினேன். நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே நிலையத்தை நம்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வீட்டுக்கு வரும் வழியில், உங்களால்தான் உண்மை வெளியே வரப்போகிறது என்று மாமனாரிடம் சொன்னேன். சாலையைக் கடக்கும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஒளிபரப்பு நாளன்று சங்கத்தார் எல்லோரும் எங்கள் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நாற்காலி போதாமல் இரண்டு பேர் கட்டிலில் ஏறிக்கொண்டார்கள். 'நேயர் நெஞ்சம்' என்று எழுத்து வந்தது. மாமனார் திரையில் தோன்றினார்.

தமிழில் ஒரு வசதி உண்டு. 'இல்லை' என்பது வாக்கியத்தின் வாலில்தான் தொங்கும். எங்கள் படத்தொகுப்பாளர் வாலை மட்டும் நறுக்கியிருந்தார்.

"நான் நேர்ல போய் என் கண்ணால பார்த்தேன்" என்றார் திரையிலிருந்த மாமனார். "அங்க ஏரி..." நீலப்பட்டு விரிந்தது. "தண்ணி..." நுரை வந்து ஒதுங்கியது. "இருக்கு." வாத்து நீந்தியது. "அழகு." புல்லாங்குழல் ஒலித்தது. "இப்படி ஒரு..." என்று அவர் குரல் தழுதழுக்க, "நான் என் வாழ்க்கையில பார்த்ததே இல்லை." அந்த ஒரு 'இல்லை'யை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

 வேனில் வந்து, பலகையைச் சுற்றிச் சுற்றி நடந்து, குளிர்பானம் குடித்துத் திரும்பிய அத்தனை பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கட்டிலில் இருந்த ஒருவர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். மாமனார் தட்டவில்லை. முன்னால் சாய்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, பெயர்கள் ஓடி மறையும்வரை பார்த்தார். நான் பயந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதை நான் எதிர்பார்க்கவில்லை, நாளைக்கே போய்ச் சண்டை போடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நல்லாத்தான் பேசியிருக்கேன்" என்றார் அவர்.

"மாமா, நீங்க பேசினது இது இல்லை."

"கொட்டகைக்குப் பின்னாடி ஒரு பாதை போச்சு, கவனிச்சீங்களா? நாம அந்தப் பக்கம் போகவே இல்லை. அவசரப்பட்டுத் திரும்பிட்டோம்."

"மாமா, அங்க ஏரி இல்லை. நீங்களே உங்க வாயால சொன்னீங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. விவரம் தெரியாத பிள்ளையைப் பார்க்கும் பார்வை.

"நான் என்ன சொன்னேன்னுதான் இப்போ டிவியிலயே காட்டினாங்களே."

என் மனைவி அடுக்களை வாசலில் நின்று, சொல்லுங்க, இப்பவாவது சொல்லுங்க என்று கண்ணால் சொன்னாள். சங்கத்தார் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். நான் உண்மையைச் சொல்லத்தான் மூச்சை இழுத்தேன். வந்தது அடிவயிற்றுக் குரல்.

"அடுத்த தடவை அந்தப் பாதையில போவோம் மாமா" என்றேன்.

எல்லோருக்கும் திருப்தி. வேனுக்கு யாரிடம் சொல்வது என்று அங்கேயே பேச ஆரம்பித்தார்கள். என் மனைவி உள்ளே போய், எனக்காக ஒரு வாந்திப் பையை எடுத்து வைத்தாள்.